டேப் என்றால் தட்டுவது இல்லை: ஃபிட்டர் பயிற்சிச் செயலி பற்றிய புகார்

அனுப்புநர்:
ஐ.டி.ஐ. மாணவர் ஒருவரின் தந்தை,
அம்பத்தூர், சென்னை.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
ஐ.டி.ஐ. பயிற்சிச் செயலி நிறுவனம்.

பொருள்: ஃபிட்டர் தமிழ் வழிப் பயிற்சியில் உள்ள தவறுகளும் கட்டணத்தைத் திருப்பித் தருவதும்.

ஐயா, வணக்கம்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் டர்னர். லேத்தில் நிற்க ஆரம்பித்து 22 வருடம் ஆகிறது. என் மகன் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முதலாம் ஆண்டு படிக்கிறான். தியரித் தேர்வு இப்போது கணினியில்தான் நடக்கிறது. பையன் பத்தாவது வரை தமிழில் படித்தவன், செல்போனிலேயே கொஞ்சம் பழகிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். ‘ஃபிட்டர் முழுப் பயிற்சி, தமிழ் வழி, நிபுணர்கள் தயாரித்தது’ என்ற உங்கள் விளம்பரத்தை நம்பி ஜனவரியில் 2,499 ரூபாய் கட்டினேன். எனக்கு அது மூன்று நாள் சம்பளம்.

முதல் வாரம் பையன் சிரித்துக்கொண்டே இருந்தான். என்னடா என்று வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஃபைல் என்பதற்கு அரம் என்று இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ‘கோப்பு’ என்று இருக்கிறது. இரும்பைக் கோப்பால் தேய்க்கச் சொல்கிறீர்கள். இரும்பை இறுக்கிப் பிடிக்கும் பெஞ்ச் வைஸ் ‘மேசைத் தீயொழுக்கம்’ ஆகியிருக்கிறது. போல்ட்டில் மரை வெட்டும் டை ‘இறந்துபோ’ ஆகிவிட்டது. துளையில் தண்டை அழுத்தி இறுக்கமாகப் பொருத்தும் பிரஸ் ஃபிட் பற்றிய பாடத்தில் ‘குறுக்கீட்டு வலிப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். சாவிக்கொத்தைக் கையில் கொடுக்க வேண்டுமோ என்னவோ. பாஸ்டர்ட் என்ற சொரசொரப்பு வகை அரத்துக்கு நீங்கள் கொடுத்த தமிழை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 112ஆம் கேள்வியை நீங்களே திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பாடத்தை ஒரு மெஷினில் போட்டு எடுத்து, தொழில் தெரிந்த ஒருவர்கூடப் படிக்காமல் விற்றிருக்கிறீர்கள் என்பது அப்போதே புரிந்தது. சரி, சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அது என் தப்பு.

போன மாதம் நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். ‘எம் 10, 1.5 பிட்ச்சில் தட்டுவதற்கு முன் துரப்பண அளவு என்ன?’ என்று ஒரு கேள்வி. தட்டுவது என்றால் சுத்தியலால் தட்டுவது என்று நினைக்காதீர்கள், டேப் போடுவதை, அதாவது துளைக்குள் மரை வெட்டுவதைச் சொல்கிறீர்கள். நீங்கள் கொடுத்திருக்கும் விடை 10 மி.மீ. ஐயா, எம் 10 என்றால் 10 மி.மீ. மரை, பிட்ச் என்றால் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி. பத்திலிருந்து பிட்ச் ஒன்றரையைக் கழித்தால் எட்டரை. 8.5 டிரில்தான் போட வேண்டும். மரை வெட்டுவதற்குச் சுவரில் இரும்பு மிச்சம் இருக்க வேண்டாமா? எந்தப் பட்டறையில் டேப் போடும் பையனைக் கேட்டாலும் தூக்கத்தில் சொல்வான்.

என் மகன் அந்த 10ஐ மனப்பாடம் செய்து வைத்திருந்தான். மறுநாள் பிராக்டிகலில் எம்.எஸ். இரும்புத் தகட்டில் டேப்பிங் ஜாப். அந்தத் தகட்டை மூன்று நாள் அரம் போட்டு, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, இடுக்கில் ஒளி தெரியாமல் போகும் வரை தேய்த்து எடுத்திருந்தான். மார்க் பண்ணி, பஞ்ச் அடித்து, சின்ன டிரில் விட்டு, அப்புறம் 10 மி.மீ. டிரில்லை விட்டான். முதல் டேப்பை வைத்தால் அது எங்கும் கடிக்கவில்லை, கையை எடுத்ததும் சாய்ந்து நின்றது. ஜாப் ஸ்கிராப். சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டிரில் பண்ணியிருக்கலாம், அவன்மேலும் தப்பு இருக்கிறது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு தப்பான விடையைச் சொல்லிக் கொடுத்தது நீங்கள். அன்று இரவு பட்டறையிலிருந்து 8.5, 10 இரண்டு துளையும் போட்ட ஒரு துண்டையும் டேப்பையும் கொண்டு வந்து கொடுத்தேன். இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

பாடங்களும் பழசு. முதல் செமஸ்டர், இரண்டாம் செமஸ்டர் என்று பிரித்து வைத்திருக்கிறீர்கள். ஐ.டி.ஐ.யில் செமஸ்டர் போய் 2018 சேர்க்கையிலிருந்தே வருடத் தேர்வுதான்.

உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் ‘தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்று ஒரே பதில், எழுத்துகூட மாறவில்லை. ஐந்தாவது முறை ஒரு பெண் போனில் பேசினார். ஏழு நாளுக்குள் சொல்லியிருந்தால்தான் பணம் திரும்பும் என்றார். அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை, எழுதிக் கொடுத்ததைத்தான் படித்தார். ஆனால் டேப் பாடம் திறந்ததே முப்பதாவது நாளுக்கு அப்புறம்தான். பூட்டி வைத்த பாடத்தில் உள்ள தப்பை ஏழு நாளில் எப்படிக் கண்டுபிடிப்பது?

கிண்டியில் இருக்கும் மத்திய அரசின் நிமி நிறுவனம் ஃபிட்டருக்குத் தமிழிலேயே புத்தகம் போடுகிறது. மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் இணையதளத்தில் வினா வங்கி இலவசமாகவே கிடைக்கிறது. இது தெரியாமல் உங்களிடம் வந்தேன். இப்போது பையன் அதைத்தான் படிக்கிறான்.

எனக்கு 2,499 ரூபாய் முழுதாகத் திரும்ப வர வேண்டும். அதைவிட முக்கியம், அந்த டேப் கேள்வியின் விடையை உடனே திருத்தி, இதுவரை அதைப் படித்த எல்லாப் பையன்களுக்கும் செயலியிலேயே தகவல் அனுப்புங்கள். இன்னும் எத்தனை பேர் நாளைக்கு 10 மி.மீ. டிரில்லை எடுக்கப் போகிறார்களோ. தொழில் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்தும் வரை ‘நிபுணர்கள் தயாரித்தது’ என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பணம் கட்டிய ரசீதும், 112ஆம் கேள்வி உட்பட பதினொரு திரைப் படங்களும், ஸ்கிராப் ஆன தகட்டின் போட்டோவும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மாணவரின் தந்தை