தூக்கணாங்குருவி கூடு எண்ணணும், இந்த சாரலுக்கு உங்க கை வேணும்

அண்ணாச்சி, அக்கா, தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டை, புளியரை பக்கம் வயக்காட்டுல தூக்கணாங்குருவி கூடு எண்ணிட்டிருக்கோம்ல, அந்த குழுவுல இருந்து எழுதுறோம்.

சாரல் விழுந்து கார் நெல்லு பச்ச பிடிச்சா போதும், ஆண் குருவி நெல்லு இலையையும் பனை ஓலையையும் நார் நாரா கிழிச்சிட்டு வந்து கிணத்து மேல சாஞ்ச கிளையிலயும் பனையிலயும் பின்ன ஆரம்பிச்சிரும், முதல்ல தொப்பி மாதிரி பாதிக்கூடு தான், பெட்டை வந்து பாத்து பிடிச்சா தான் கீழ குழல் வச்சு முடிக்கும், பிடிக்கலேன்னா அப்படியே காத்துல ஆடிட்டு கிடக்கும். அதனால பாதிக்கூடு எத்தன, குழல் வச்சது எத்தனன்னு தனித்தனியா எழுதணும். கிட்ட போய் பாக்கவும் கூடாது, குருவி மிரண்டுரும், தள்ளி நின்னு பைனாகுலர்ல தான் பாக்கணும்.

போன வருஷம் இருந்த ஒரே பைனாகுலரும் சாரல் ஈரத்துல லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சு போச்சு. ரெண்டு ஞாயித்துக்கிழமை கணக்கு விட்டுப்போச்சு. இப்ப அந்த வாரம் கூடு நிஜமாவே கொறஞ்சுதா, இல்ல நாங்க பாக்கலையான்னு யாராலயும் சொல்ல முடியாது. கூடே இல்லேன்னாலும் போய் பாத்து பூஜ்யம்னு எழுதுனா அது கணக்கு, போகாம விட்டா அது வெறும் ஓட்டை. எங்களுக்கு மனசு ஆறல.

மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவுல 2015-ல இருந்து 2020 வரைக்கும் ஆயிரம் பேருக்கு மேல தன்னார்வலர்கள் சேர்ந்து மாநிலம் முழுக்க பறவை அட்லஸ், அதாவது எந்தப் பறவை எங்க இருக்குன்னு காட்டுற வரைபடம், போட்டாங்க. 2023-ல வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையும் நம்மள மாதிரி ஆளுங்க இபேர்ட்ங்கிற (eBird) பறவை பதிவு இணையதளத்துல ஏத்துன லிஸ்ட்ட வச்சு தான் 942 வகை பறவைய அலசுச்சு. நம்ம வயலு அதுல தெரியணும்னா நாம தான் எழுதணும்.

குருவி நெல்லு திங்கும், இல்லேன்னு சொல்லல. ஆனா குஞ்சுக்கு ஊட்டுறது புழுவும் வெட்டுக்கிளியும், மருந்து அடிச்ச வயல்ல அதுக்கு எங்க போகும்? பனையும் கொறையுது, இன்னைக்கு கொட்ட போட்டாலும் மரமாக பதினஞ்சு வருஷம் ஆகும், நிக்கிற பனைய காப்பாத்த "இதுல இத்தன கூடு இருக்கு"ன்னு காட்ட எண்ணி எழுதுன நோட்டு வேணும்.

மொத்தம் 45,000 ரூபாய் தேவைப்படுது. மூணு பைனாகுலர் 24,000, கூட வர்ற ஸ்கூல் பசங்களுக்கு நாலு மாசம் காலை டிபன் 10,000, பெட்ரோல் 8,000, நோட்டு பிரிண்ட் 3,000. நூறு ரூபாயா இருந்தாலும் சந்தோஷம், வைகாசி முடியறதுக்குள்ள குழு பொருளாளர்கிட்ட குடுத்து ரசீது வாங்கிக்கோங்க, பில்லு எல்லாம் மாசாமாசம் காட்டுவோம். வீட்டுல சும்மா கிடக்கிற பைனாகுலர் இருந்தா அதையும் குடுங்க, பணம் முடியலேன்னா ஞாயித்துக்கிழமை காலைல 6 மணிக்கு வயலுக்கு வாங்க, எண்ண ஆளு பத்தல.