மார்பக அறுவை சிகிச்சையில் பரிவு எங்கே தொடங்குகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய் அறுவை மருத்துவர்களைப் பாராட்டி எழுதுகிறவர்கள் 'தாயுள்ளம்', 'சிரித்த முகம்' என்பதோடு முடித்துவிடுகிறார்கள். சிரித்த முகம் நல்லதுதான். ஆனால் அறுவை முடிந்த மறுநாள் காலையில் தன் சிறுநீர் நீலப்பச்சையாக இருப்பதைப் பார்த்து ஒரு பெண் நடுங்கிப் போகிறார் என்றால், அதை முன்கூட்டியே அவரிடம் யாரும் சொல்லவில்லை என்று பொருள். நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் நிணநீர்க் கணுவை அடையாளம் காண மார்பில் செலுத்தும் நீலச் சாயம் அது. ஓரிரு நாளில் சிறுநீர் தெளிந்துவிடும். தோலில் நீலத் திட்டு சில மாதங்கள்கூட இருக்கலாம். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

நோயைத் தெரிவிக்கும் இடத்தில்தான் பெரும் தவறுகள் நடக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் வெளியான 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறுபடி முறையில் தகவலைச் சொல்வது நான்காவது படிதான். அதற்கு முன், தனியான இடத்தில் உட்கார வேண்டும்; அவருக்கு இதுவரை என்ன தெரியும் என்று கேட்க வேண்டும்; எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்றும் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளை பயாப்ஸி (சோதனைக்காகச் சிறு திசுத் துண்டு) எடுக்கும் நாளிலேயே கேட்டு வைப்பது நல்லது. "முடிவு வந்ததும் யார் கூட இருக்கும்போது சொல்லட்டும்?" என்று முன்பே கேட்டுவிட்டால், பிறகு உறவினர்கள் "அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று கேட்கும்போது மருத்துவர் திணற வேண்டியதில்லை.

பரிசோதனைக்காக மேலாடை நீக்கிப் படுத்திருப்பவரிடம் முடிவைச் சொல்லக் கூடாது. உடுத்தி, நாற்காலியில் உட்கார்ந்த பிறகே பேச்சு. 'கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது' என்று சுற்றி வளைத்தால் அவர் நோயில்லை என்றே நம்பி வீட்டுக்குப் போவார், அடுத்த முறை வராமலும் இருப்பார். 'புற்றுநோய்' என்ற சொல்லை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு, பேசாமல் இருக்க வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பின் வரும் எதுவும் காதில் ஏறாது. கீமோ, கதிர்வீச்சு விளக்கங்களை இரண்டு மூன்று நாள் கழித்து வரச்சொல்லிப் பேசலாம். அதையும் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

1970-கள் வரை பயாப்ஸியும் மார்பக நீக்கமும் ஒரே மயக்கத்தில் நடப்பது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. விழிக்கும்போது மார்பு இருக்குமா என்று தெரியாமலே பெண்கள் மேசைக்குப் போனார்கள். இவ்விரண்டையும் தனித்தனியே செய்ய வேண்டும் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கருத்தரங்கு 1979-இல்தான் பரிந்துரைத்தது. தகுந்த நோயாளிகளுக்குக் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தாலும், முழு மார்பகத்தையும் அகற்றினாலும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு ஒன்றே என்பதை 2002-இல் வெளியான இரண்டு 20 ஆண்டு ஆய்வுகள் காட்டின. ஆகவே தேர்வு நோயாளியுடையது. ஒவ்வொரு தேர்விலும் அவர் எதைத் தாங்க வேண்டியிருக்கும் என்று சொல்வது மருத்துவருடைய வேலை. கட்டியை மட்டும் எடுத்தால் கதிர்வீச்சுக்குச் சில வாரம் தினமும் வர வேண்டும். அகற்றிய திசுவின் விளிம்பில் நோய்ச் செல்கள் தென்பட்டால் இரண்டாவது அறுவையும் தேவைப்படலாம். இதை முன்பே சொல்லாவிட்டால், மறுபடி அழைக்கும்போது 'நோய் திரும்பிவிட்டது' என்றுதான் அவருக்குக் கேட்கும். யோசிக்க ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்வதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால்தான் ஆபத்து.

அறுவைக்குப் பின் வீட்டில் அதிகம் பயமுறுத்துவது, புண்ணுக்குள் சேரும் திரவத்தை உறிஞ்சி முனையிலுள்ள குமிழில் சேர்க்கும் டிரெயின் குழாய். கையைக் கழுவி, குமிழின் மூடியைத் திறந்து, திரவத்தை அளவுக் குவளையில் ஊற்றி, மில்லி கணக்கையும் நேரத்தையும் எழுத வேண்டும். பிறகு குமிழை நன்றாக நசுக்கி, நசுக்கிய நிலையிலேயே மூட வேண்டும். மூடியபின் நசுக்கினால் உறிஞ்சும் விசை இருக்காது. பலரும் தவறுவது இங்கேதான். முதலில் சிவப்பாக வருவது நாள் போகப் போக வைக்கோல் மஞ்சளாகும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால் பொதுவாகக் குழாயை எடுத்துவிடுவார்கள். ஆனால் நேற்று 80 மில்லி, இன்று 5 மில்லி என்றால் மகிழ வேண்டாம். கட்டிய இரத்தம் குழாயை அடைத்திருக்கலாம், அக்குளும் வீங்கத் தொடங்கும். குமிழ் திடீரென்று புது இரத்தத்தால் நிரம்பினால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். இதையெல்லாம் வாயால் சொன்னால் போதாது. வீட்டுக்கு அனுப்பும் முன் அவரையே ஒருமுறை செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.

கையைப் பற்றியும் பயம் உண்டு. தையல் பிரிந்துவிடும் என்று கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறவர்களுக்குத் தோள் இறுகிவிடுகிறது. கதிர்வீச்சுக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். முடியாவிட்டால் அந்தச் சிகிச்சையே தள்ளிப்போகும். விரல், முழங்கை அசைவுகளை முதல் நாளே தொடங்கலாம். டிரெயின் இருக்கும்வரை தோளுக்கு மேல் கையைத் தூக்காமல் இருந்தால் போதும். அக்குள் நிணநீர்க் கணுக்களை முழுவதும் அகற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கைவீக்கம் வரலாம், அதுவும் ஆண்டுகள் கழித்துக்கூட. மேல்கையின் உட்புறம் மரத்துப்போவது அக்குள் வழியே செல்லும் நரம்பு பாதிக்கப்படுவதால், பக்கவாதம் அல்ல. சிரிக்காதீர்கள், பலர் அப்படித்தான் பயப்படுகிறார்கள்.

கட்டுப் பிரித்ததும் தழும்பை முதன்முதலில் குளியலறைக் கண்ணாடியில் தனியாகப் பார்க்கும்படி விட்டுவிடுவது சரியல்ல. இப்போது பார்க்கிறீர்களா, பிறகா, யார் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். மார்பகம் நீக்கப்பட்டவர்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் எடையற்ற மென்பஞ்சுத் திண்டை வீடு திரும்பும் நாளிலேயே கொடுக்கலாம். சிலிக்கான் வடிவம் புண் ஆறிய பின், ஆறு முதல் எட்டு வாரத்தில்.

ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் என்று பட்டியல் போடும் நிர்வாகம், மருத்துவரிடம் பரிவை எதிர்பார்ப்பது நியாயமில்லை. முடிவைச் சொல்லும் சந்திப்புக்கு அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். அது உடனே நடக்காது என்றால், டிரெயின் அளவு எழுதும் தாளின் மேலேயே ஒரு தொலைபேசி எண்ணை அச்சிட்டுக் கொடுக்கட்டும். இரவு இரண்டு மணிக்கும் யாராவது எடுக்கிற எண்ணாக அது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மார்பக அறுவை சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்