காபி டம்ளரும் கோல்ஃப் பந்தும்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

“மாசத்துக்கு ஒரு தடவைதான் மைதானத்துப் பக்கம் போறேன் மாமா, இதுல எங்க தேறுறது?” என்று போனில் அலுத்துக்கொண்டாய். பதில் சொல்வதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அதான் எழுதுகிறேன்.

ஸ்பெயினின் வடகரையில் பெத்ரேன்யா என்று ஒரு சின்ன ஊர். கோல்ஃப் ஆட்டக்காரர் செவே பாயெஸ்டெரோஸ் 1957-இல் பிறந்தது அங்கேதான். ஊரிலேயே கோல்ஃப் மைதானம் இருந்தது. ஆனால் அவரைப் போல ஆட்டக்காரர்களின் பை தூக்கும் பையன்கள் நினைத்தபோதெல்லாம் அதில் ஆடிவிட முடியாது. அண்ணன் கொடுத்த ஒரே ஒரு த்ரீ அயர்னோடு கடற்கரைக்குப் போய்விடுவார். பந்தைத் தாழ்வாக, தூரமாக விரட்டுகிற கிளப் (கோல்ஃப் மட்டை) அது. அதன் முகத்தைத் திறந்து பிடித்து உயரத் தூக்குவது, ஈர மணலில் இருந்து மெல்லத் தட்டி எடுப்பது என்று எல்லாவற்றையும் அந்த ஒன்றிலேயே பழகினார். கையில் பதினான்கு கிளப் இருந்திருந்தால் அந்தக் கை வந்திருக்காது என்பது என் கட்சி. 1979 பிரிட்டிஷ் ஓப்பன் கடைசிச் சுற்று, 16-ஆம் குழி. அடித்த பந்து கார்கள் நிற்கிற இடத்தில் போய் விழுந்தது. அபராதமில்லாமல் எடுத்துப் போட்டு, அங்கிருந்தே பர்டி, அதாவது குழிக்குக் குறித்த கணக்கைவிட ஒரு அடி குறைவு! கோப்பையும் அவருக்குத்தான். வயது 22. (அவருக்கும் தாய்மாமன் கோல்ஃப்காரர். ரமோன் சோத்தா, 1965-இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் ஆறாவது இடம். உன் மாமன் கதை வேறு, விடு.)

சரி, உன் வீட்டுக்கு வருவோம். ஹாலில் சுவரோரமாக ஒரு எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வை. உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் செருப்பு. பந்தை அதன் வாய்க்குள் உருட்டு. நிஜக் குழியின் அகலம் 10.8 சென்டிமீட்டர், என் டம்ளரின் வாய் ஏழுதான். பந்தே 4.3. கொஞ்சம் கோணினாலும் விளிம்பில் ‘ணங்’கென்று பட்டுத் திரும்பிவிடும். ஒரு வாரம் இதில் பழகிவிட்டு மைதானத்துக்குப் போ, குழி அண்டா மாதிரி தெரியும். டைல்ஸ் தரை என்றால் இன்னும் வசதி. இரண்டு கல் சேர்கிற கோட்டின் மேலேயே பந்தை உருட்டு, கை எங்கே இழுக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். அப்புறம் பாதி தூரத்துக்கு ஜமுக்காளத்தை விரி. வழவழ தரையில் ஓடுகிற பந்து அதில் ஏறியதும் மூச்சு வாங்கும். அந்த வேகக் கணக்கு சொல்லிக்கொடுத்து வராது.

ஒரே ஒரு பந்துதான் வைத்துக்கொள்ள வேண்டும். நாலைந்தை வரிசையாக வைத்து அடித்தால் இரண்டாவது எப்படியும் விழும். மைதானத்தில் இரண்டாவது கிடையாது.

மொட்டைமாடிக்குச் செவன் அயர்ன் மட்டும் போதும். பழைய சாக்ஸைச் சுருட்டிப் பந்தாக்கிக்கொள். ஒரு தடவை துணிக்கொடிக்கு மேலே, அடுத்தது கொடிக்குக் கீழே, மூன்றாவது நாற்காலிக் காலுக்கு நடுவே. நிஜப் பந்தை மட்டும் அங்கே தொடாதே. போன வருஷம் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கு நான் அழுத தொகையை உன் அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

எத்தனை அடிக்கு எத்தனை டம்ளருக்குள் போனது என்று ஞாயிற்றுக்கிழமை எழுது. அம்மா காபி குடிக்கிற டம்ளரை எடுத்துவிடாதே.

அன்புடன்,
மாமா