கழுத்து முறுக்கவில்லை, துவண்டு கிடந்தது

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது, பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இங்கே கோழிகள் திடீரென்று படுத்துவிட்டன, சேவலோடு சேர்த்து 9. இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. பேரனுக்கு நாட்டுக்கோழி முட்டை கொடுக்க வேண்டும், பத்துக் குஞ்சு வாங்கி விடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய், அதனால் நடந்ததை முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் மழை பெய்து, மறுபடி வெயில் சுள்ளென்று அடித்த வாரம் அது. காலையில் கூட்டைத் திறந்துவிட்ட உன் தங்கச்சி, "செவலைப் பெட்டை எந்திரிக்கவே மாட்டேங்குது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் காலைப் பின்னால் நீட்டிப் படுத்திருக்கிறது. மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று. பொழுது சாயும்போது சேவலும் சுவரோரமாகச் சரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே பார்த்துவிட்டு, "வெள்ளைக்கழிச்சல்தான், சாகுறதுக்குள்ள அறுத்துருங்க" என்றார்.

எனக்கும் முதலில் அதே பயம்தான். மூன்று வருடத்துக்கு முன் சித்திரை வெயிலில் அந்த நோய் வந்து 22 கோழியில் 19ஐக் கொண்டுபோனது உனக்கும் தெரியும். ராணிக்கேத் நோய் என்று சொல்கிறார்களே, அதுதான் இந்த வெள்ளைக்கழிச்சல். 1927இல் வடக்கே ராணிக்கேத் மலையூரில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். அப்போது நான் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும், சாவுக்கு முந்தின நாள் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை வானத்தைப் பார்க்கும்.

இந்தத் தடவை கழுத்து முறுக்கவே இல்லை. துணி மாதிரித் துவண்டு தரையில் கிடந்தது. செவலையைத் தூக்கி மடியில் வைத்தேன், தலை என் முழங்கையைத் தாண்டித் தொங்கியது. இமை பாதி மூடியிருக்கிறது, ஆனால் கூப்பிட்டால் அதற்குக் கேட்கிறது, பார்க்க முயல்கிறது. எச்சத்தில் பச்சை இல்லை, மூச்சில் கரகரப்பு இல்லை. லேசாக இழுத்ததற்கே இறகு கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. தடுப்பூசியும் தை மாதம் போட்டாயிற்று.

என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வைத்திருந்த தாய்க்கோழிக்கும் அதன் எட்டுக் குஞ்சுகளுக்கும் ஒன்றுமே ஆகவில்லை. தொற்று நோய் என்றால் முதலில் சுருண்டு விழ வேண்டியவை அந்தக் குஞ்சுகள்தானே? விழுந்தவை எல்லாம் காலையிலிருந்து மாலை வரை வெளியே மேய்கிறவை, அதிலும் நன்றாகக் கிளறித் தின்கிறவை. அப்படியென்றால் எங்கேயோ எதையோ தின்றிருக்கின்றன. பக்கத்துக் காடுகளில் மருந்து அடித்தார்களா, மருந்து கலந்த விதை விதைத்தார்களா என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். எல்லாரும் இல்லை என்றார்கள்.

அப்புறம் மிச்சமிருந்த கருப்புப் பெட்டையின் பின்னாலேயே நடந்தேன். அது நேரே எருக்குழியைத் தாண்டி வேலிக்கருவேலம் புதருக்குள் நுழைந்தது. குனிந்து பார்த்தால், போன மாதம் காணாமல் போன நம் வெடைக்கோழி. கீரி தூக்கிப் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தோம். புதருக்குள்ளேயே செத்து அழுகி, புழு நெளிந்துகொண்டிருந்தது. கருப்பு அதைத்தான் கொத்திக்கொண்டிருந்தது.

செத்த ஒரு கோழியை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டரம்மா அறுத்துப் பார்த்தார். வெள்ளைக்கழிச்சல் என்றால் இரைப்பையின் உள்பக்கம் ஊசி குத்தினது போல ரத்தப் புள்ளிகள் இருக்கும், இதில் எதுவும் இல்லை. புழுவைப் பற்றிச் சொன்னதும், "அதுதான், பொட்டுலிசம்" என்றார். அழுகும் உடம்பில் காற்று இல்லாத இடத்தில் ஒரு பாக்டீரியா வளர்ந்து விஷத்தை உண்டாக்குமாம். அந்த விஷம் புழுவை ஒன்றும் செய்யாது, புழுவுக்குள் அப்படியே தங்கியிருக்கும். கோழி அந்தப் புழுவைத் தின்றால் நரம்பு தசையோடு பேசுவது நின்றுபோகும். முதலில் கால், பிறகு இறக்கை, கழுத்து, கடைசியில் மூச்சு. ஒரு கோழியிடமிருந்து இன்னொன்றுக்கு ஒட்டாது. ஆனால் அந்தக் கறியைச் சாப்பிடவே கூடாது. அண்ணன் சொன்னபடி அன்றைக்கே அறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

கொடுக்க மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை. நிழலில் சாக்கு விரித்து, தலைக்குத் துணியைச் சுருட்டி வைத்து, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டோம். விழுங்கவே முடியாத கோழிக்கு வேகமாக ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். உன் தங்கச்சி இரண்டு இரவு தூங்கவில்லை. 5 போய்விட்டன, செவலையும் சேர்த்துத்தான். இரண்டு நாளைத் தாண்டிய 4 பிழைத்துக்கொண்டன. சேவல் நேற்றுத்தான் கழுத்தை நேராக நிறுத்தியது, இன்னும் தடுமாறித்தான் நடக்கிறது. செத்ததையெல்லாம் மூன்றடி குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன், புதரை அடியோடு வெட்டிவிட்டேன்.

நீ குஞ்சு வாங்கும்போது சந்தையில் ஆளுக்கு ஒன்றாகப் பொறுக்காதே, ஒரே இடத்தில் வாங்கு. வெள்ளைக்கழிச்சல் வராமல் தடுக்க ஏழாம் நாள் கண்ணில் லசோட்டா என்கிற தடுப்பு மருந்துச் சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி, இரண்டையும் விட்டுவிடாதே. மருந்தை ஐஸோடுதான் கொண்டு வர வேண்டும், வெயிலில் வந்தால் வீண். உன் வீட்டுக்குப் பின்னால் காலி மனை என்றாயே, அங்கே எலி, நாய் எதுவும் செத்துக் கிடக்கிறதா என்று குஞ்சு வாங்குவதற்கு முன்பே போய்ப் பார். காணாமல் போன கோழியை நான் ஒரு நாள் தேடியிருந்தால் இந்த ஐந்தும் இருந்திருக்கும்.

முட்டி வலிக்கு என்ன சொன்னார்கள், எழுது. பஞ்சாரத்துக் குஞ்சுகளில் இரண்டு பெட்டை உனக்கு என்று வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போ.

அன்புடன்,
உன் மாப்ளே