கோல் முன்னால் நிற்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

சனிக்கிழமை இரவு போனில் நீ சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நான்தான் கோட்டை விட்டேன் அப்பா." அதற்குப் பிறகு நான் கேட்டதற்கெல்லாம் "ம், சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். அம்மா வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பேச்சில் எனக்கு வராதது எழுத்திலாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

உன் கல்லூரிப் பனி ஹாக்கி ஆட்டத்தைக் கணினியில் நாங்களும் பார்த்தோம். கூடுதல் நேரத்தில் அந்தப் பக், அந்த ரப்பர் வட்டு, உன் கைக்கும் விலாவுக்கும் நடுவே நழுவிப் போனதைப் பார்த்தேன். நீ மண்டியிட்டபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து, முகக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு, எதிரணிப் பெண்கள் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் கைகுலுக்கியதையும் பார்த்தேன்.

முப்பது வயதுவரை பனியையே பார்த்திராதவன் நான். விடியற்காலை ஐந்து மணிக்கு உனக்கு ஸ்கேட் கயிறு இழுத்துக் கட்டிப் பழகியதில்தான் இந்த ஆட்டம் எனக்குள் வந்தது. பிறகு, நம் ஊரில் தாத்தா தலபுராணம் சொல்வாரே, அப்படிக் கல்லூரி ஹாக்கியின் பழங்கதைகளைத் தேடித்தேடிப் படித்தேன். 1948-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில், பிராட்மூர் அரங்கத்தில், நான்கே கல்லூரிகளோடு அமெரிக்காவின் தேசியப் போட்டி தொடங்கியது. மிச்சிகன் 8-4 என்று டார்ட்மத்தை வென்றது. முதல் பத்து ஆண்டுகளும் அதே அரங்கம்தான். இன்று ஆண்கள் போட்டியில் பதினாறு அணிகள். பெண்களுக்கு இதே தேசியப் போட்டி வர 2001 ஆகிவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

எத்தனை மாறினாலும் அரையிறுதி, இறுதி ஆட்டங்களில் ஒன்று மாறவில்லை. தொழில்முறை ஸ்டான்லி கோப்பையில் ஒவ்வொரு சுற்றிலும் ஏழு ஆட்டங்களில் நான்கை வென்றால் போதும். இன்று சறுக்கினால் நாளை மறுநாள் சரிசெய்யலாம். கல்லூரியில் ஒரே ஆட்டம்; தோற்றால் வீடு. அதனால்தான் பக் ஒருமுறை தப்பினால் ஓர் ஆண்டின் பாரம் முழுவதும் கோல்கீப்பர் தலையில் வந்து விழுகிறது.

கோல்கீப்பர் கென் டிரைடனை உனக்குத் தெரியும். ஆட்டம் நின்ற வேளைகளில் கோல் மட்டையை நட்டு, அதன் நுனியில் இரு கைகளையும் அடுக்கி, அவற்றின்மேல் முகவாயை வைத்து நிற்பாரே, அவர்தான். பத்து வயதில் நீ துடைப்பத்தை வைத்துக்கொண்டு சமையலறையில் அப்படி நிற்பாய். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகளில் அவர் 76 ஆட்டங்களை வென்றார், தோற்றது நான்கே நான்கு. அந்த நான்கில் இரண்டு எங்கே நடந்தன தெரியுமா? தேசியப் போட்டியில். 1968 அரையிறுதியில் வடக்கு டகோட்டாவிடம் ஒன்று. 1969 இறுதியில், தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்தில், டென்வரிடம் 4-3 என்று மற்றொன்று. அடுத்த ஆண்டு, அவர் படிப்பை முடித்துப் போன பிறகு, அதே கார்னெல் 29 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்காமல் கோப்பையைத் தூக்கியது. அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பிறகு மாண்ட்ரியல் தொழில்முறை அணிக்காக அவர் ஆறு ஸ்டான்லி கோப்பைகள் வென்றார். 2025 செப்டம்பரில் அவர் காலமான செய்தியைப் படித்ததும் எனக்கு நினைவில் வந்தது உன் துடைப்பம்தான்.

1984 இறுதி ஆட்டம் இன்னும் கொடுமை. லேக் பிளாசிட். நம் மினசோட்டா மாநிலத்து டுலூத் அணி முன்னிலையில் இருக்கிறது. இரண்டு நிமிடம்கூட மீதியில்லை. பவுலிங் கிரீன் ஆட்டக்காரர் ஒருவர் சும்மா உள்ளே தள்ளிவிட்ட பக்கை நிறுத்த டுலூத் கோல்கீப்பர் வலைக்குப் பின்னால் போகிறார். எந்தக் கோல்கீப்பரும் செய்வதுதான், நீயும் நூறு முறை செய்திருக்கிறாய். பக் அரங்கின் ஓரச் சுவர்ப்பலகையில் பட்டுக் கோணலாகத் திரும்பி ஆளில்லாத வலைக்கு முன்னால் வந்து விழுகிறது. தட்டிவிட்டார்கள், 4-4. பிறகு நான்கு கூடுதல் நேரங்கள், மொத்தம் 97 நிமிடம். கடைசியில் டுலூத் தோற்றது. முதல் பட்டம் கிடைக்க அவர்கள் 2011 வரை காத்திருந்தார்கள். பலகை செய்த வேலைக்கு அந்தப் பையன் என்ன செய்வான் சொல்!

2015 இறுதி ஆட்டத்தில், பாஸ்டனில், முன்னிலையில் இருந்த அணியின் கோல்கீப்பர் கையுறையில் பிடித்த பக் நழுவித் தன் வலைக்குள்ளேயே போனது. பிராவிடன்ஸ் வென்றது. அந்தக் காட்சியை நான் ஒருமுறைதான் பார்த்தேன்.

2013 மார்ச்சில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ரிடர் அரங்குக்கு உன்னைக் கூட்டிப்போனேனே, நினைவிருக்கிறதா? உனக்கு ஒன்பது வயது. அந்த ஆண்டு 41 ஆட்டங்களையும் வென்ற மினசோட்டா பெண்கள், காலிறுதியில் வடக்கு டகோட்டாவிடம் மூன்றாவது கூடுதல் நேரம்வரை திணறி 3-2 என்று தப்பினார்கள். அரங்கமே எழுந்து கத்தியது. நீ மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். காருக்கு நடக்கும்போது, "அந்த கோல்கீப்பர் அக்கா இப்போது அழுவார்களா அப்பா?" என்று கேட்டாய். "தெரியவில்லை, நன்றாக ஆடினார்கள்" என்றேன். "ஆமாம், எவ்வளவு தடுத்தார்கள்!" என்று சொல்லி, வீடு வரும்வரை அவர் தடுத்ததை எல்லாம் கையை வீசி வீசிக் காட்டினாய். அடுத்த வாரமே கோல்கீப்பராகத்தான் ஆடுவேன் என்று அடம்பிடித்தாய். வென்ற அணியிலிருந்து யாரையும் நீ தேர்ந்தெடுக்கவில்லை அம்மா.

சனிக்கிழமை நீ தடுத்தவற்றை நான் காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு எண்ணினேன். முப்பத்து நான்கு. தாளை எறியவில்லை.

நீ விட்டுச்சென்ற பழைய கையுறையில் வலைக் கயிறு இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. புதுக் கயிறு வாங்கிக் கோத்து, வெயிலில் வைத்திருக்கிறேன். விடுமுறைக்கு எந்த நாள் வருகிறாய் என்று அம்மாவிடம் சொல். விமான நிலையத்துக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
அப்பா