பாப்பாவுக்கு, ஓவர்ஹெட் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் கோபமாகப் பேசினாய். "என் ப்ராஜெக்ட்டுக்கு வந்த பணத்தில் ஆபீஸ் ஏன் பங்கு எடுக்கிறது?" என்று கேட்டாய். ஆபீஸ் நிர்வாகச் செலவுக்கு எடுக்கும் அந்தப் பங்குதான் ஓவர்ஹெட். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், சத்தமாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். உன் ஆய்வு மையம் மாதிரி ஓர் இடத்தில்தான் அம்மா 22 வருடம் கணக்குப் பார்த்தேன்.

எங்களிடம் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தனி லெட்ஜர் இருந்தது. ஒன்றின் பணத்தை இன்னொன்றுக்குத் தொடக்கூடாது. பட்ஜெட்டில் சம்பளம், பயணம், உபகரணம் என்று தலைப்புகள் இருக்கும். கூரை ஒழுகினால் எந்தத் தலைப்பு? வாட்ச்மேன் சம்பளம், ஆடிட்டர் ஃபீஸ் எதில்? எங்கள் வராண்டாக் கோடியில் ஒரு டீப் ஃப்ரீஸர் இருந்தது. உள்ளே அலையாத்திக் காட்டு மண், பாக்கெட் பாக்கெட்டாக, தேதி எழுதி ஒட்டியிருக்கும். அந்த ப்ராஜெக்ட் முடிந்து மூன்று வருடமாகியும் ஃப்ரீஸரை அணைக்க முடியவில்லை. அணைத்தால் மண்ணோடு உழைப்பும் போய்விடும். அந்தக் கரண்ட் பில்லைக் கட்டியது நீ திட்டுகிற ஓவர்ஹெட்தான்.

கிராண்ட் பணம் தவணையாகத்தான் வரும். முதல் தவணையைச் செலவழித்து, ஆடிட்டர் கையெழுத்தோடு யுசி, அதாவது பணத்தை இன்னதற்குச் செலவழித்தோம் என்ற சான்றிதழ், அனுப்பினால்தான் அடுத்தது. ஒருமுறை அந்த அடுத்தது நான்கு மாதம் வரவில்லை. தண்ணீர் சாம்பிள் எடுக்கப் படகு ஓட்டியவர் தினமும் வந்து என் மேஜை முன்னால் நிற்பார். எதுவும் கேட்கமாட்டார், நிற்பார், அவ்வளவுதான். கடைசியில் பொது நிதியிலிருந்து கொடுத்தோம். பொது நிதி என்றால் நன்கொடை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாதாமாதம் 500 ரூபாய் மணியார்டர் அனுப்புவார். செய்தி எழுதும் இடத்தில் 'மரங்களுக்கு' என்று ஒரே வார்த்தை இருக்கும். எந்த நிபந்தனையும் இல்லாமல் வந்த பணம் அதுதான். எனக்கு அந்த 500 ரூபாய் எந்தப் பெரிய காசோலையைவிடவும் உசத்தி.

இப்போது நிலைமை இன்னும் இறுகிவிட்டது. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு பாதி வரை போகலாம் என்றிருந்ததை 2020 சட்டத் திருத்தம் 20 சதவீதமாகக் குறைத்தது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பகிரவும் தடை. பெரிய நிறுவனங்கள் வழியாகப் பணம் பெற்ற சின்ன மையங்களுக்கு அது பெரிய அடி. சரி, சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்குக் கொடுக்கும் பணம், இருக்கிறதே என்பாய். பெரிய கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும், அதில் சுற்றுச்சூழலும் உண்டுதான். நான் பார்த்தவரை அவர்கள் கேட்பது மரம் நடுவதும் போர்டு வைப்பதும். அதே குளத்தை இருபது வருடம் அளந்துகொண்டே இருங்கள் என்று காசு கொடுப்பவர் அபூர்வம்.

அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் கீலிங்கின் வரைபடம் உனக்குத் தெரியுமே. ஹவாயின் மவுனா லோவா மலையில் 1958-ல் காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். பத்து லட்சத்தில் ஏறக்குறைய 313 பங்கு. இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கோட்டில் 1964-ல் சில மாதம் புள்ளியே இல்லை. கருவி கெட்டதாலோ புயலாலோ அல்ல, நிதியை வெட்டியதால். அந்த மாதங்களின் காற்றை இனி யார் போய் அளப்பது?

அதனால் பாப்பா, அடுத்த விண்ணப்பத்தில் ஓவர்ஹெட்டைக் குறைத்துப் போட்டு நல்ல பெயர் வாங்கப் பார்க்காதே. முழுசாகப் போடு. ப்ராஜெக்ட் முடிந்தபிறகு சாம்பிளையும் டேட்டாவையும் வைத்துக்கொள்ள என்ன ஆகும் என்பதையும் ஒரு வரியாகச் சேர். கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் போய் உட்கார்ந்து, பொது நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று கேள். சண்டைக்குப் போகாதே.

பொங்கலுக்கு வரும்போது பட்ஜெட் தாளை எடுத்து வா, சேர்ந்து பார்க்கலாம். அப்பா உனக்கு முறுக்கு சுடச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அம்மா