செக்ரோலில் பெயர் இல்லாதவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏலத்தோட்டத் தொழிலாளரின் உடல்நலத்தை ஆராய, எஸ்டேட் செக்ரோலை, அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டை, வாங்கிக் குலுக்கல் முறையில் பெயர்களை எடுத்தாலே போதும் என்று வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். வண்டன்மேட்டுப் பக்கம் கணக்கப்பிள்ளையாக இருந்து அந்தச் செக்ரோலை எழுதியவன் நான். எவ்வளவு நேர்மையாகக் குலுக்கினாலும், குடத்தில் போடாத ஓலை கைக்கு வராது.

விடியுமுன் கம்பம், கோம்பை, தேவாரம், போடியிலிருந்து ஜீப்பில் மலையேறி, காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்கிவிடும் பெண்கள் பலருக்கு அதில் பெயர் கிடையாது. அவர்களைத் திரட்டிக் கூட்டி வரும் கங்காணி பெயருக்கு நேரே ஆள் இத்தனை என்று போடுவோம், அவ்வளவுதான். இடுக்கியில் வீடு வீடாகத் தேடினால் அவர்களுக்கு இங்கே வீடில்லை. தேனி மாவட்டத்தில் தேடினால் பகலில் கதவு பூட்டியிருக்கும்.

வழியில்தான் பார்க்க வேண்டும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று ஜீப் ஏறும் மலைப்பாதைகளில் இடங்களையும், கிழமைகளையும், நேரங்களையும் சேர்த்துப் பட்டியல் போட்டு, குலுக்கலை அதில் நடத்தட்டும். விழுந்த நேரத்தில் அந்த இடத்துக்குப் போய், வருகிற ஜீப்புகளில் இத்தனைக்கு ஒன்று என்று எடுக்கலாம். இட-நேர மாதிரி என்பாள் புள்ளியியல் படித்த என் மகள். ஆனால் செக்போஸ்ட் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்க வேண்டாம். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய டிரைவர் நிற்கவே மாட்டார். அடிவாரத்து டீக்கடைதான் சரி.

ஒரு கேள்வியை மட்டும் விடவே கூடாது: "வாரத்துல எத்தனை நாள் வருவீங்க?" ஆறு நாளும் வருகிறவர், இரண்டே நாள் வருகிறவரைவிட மும்மடங்கு கண்ணில் படுவார். அதற்கேற்ப அவருடைய பதிலுக்குக் கணக்கில் தரும் எடையை, அதாவது மதிப்பை, குறைக்காவிட்டால், உடம்புக்கு முடியாமல் அடிக்கடி நின்றுவிடுகிறவர்தான் ஆய்வு முடிவில் காணாமல் போவார். உடல்நல ஆய்வில் முதலில் கேட்க வேண்டியதே அவரைத்தானே!

சிலர் சுலபமாக ஒரு கங்காணியைப் பிடித்து, "உங்க ஆட்களைக் காட்டுங்கம்மா" என்பார்கள். அவர் காட்டுவது அவர் தெருவையும் சொந்தபந்தத்தையும்தான். இதைச் சீர்செய்ய அமெரிக்க சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கதார்ன் 1997-இல் ஒரு வழி சொன்னார். கனெக்டிகட்டில் ஊசி மூலம் போதைமருந்து எடுப்போரிடையே நடந்த வேலையை ஒட்டியது அது. பேட்டி கொடுத்தவரிடம் இரண்டு மூன்று கூப்பன்கள் மட்டும் தருவார்கள். அவர் தமக்குத் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார். கூப்பனுக்கு வரம்பு இருப்பதால் ஒருவரே ஊரையெல்லாம் கூட்டி வர முடியாது. தம்மைப் போன்றவர்கள் எத்தனை பேரைத் தெரியும் என்றும் கேட்டு, அதிகம் பேரைத் தெரிந்தவருடைய பதிலின் எடையைக் குறைப்பார்கள்.

எனக்குப் பிடித்தது, யாரும் யார் பெயரையும் ஆய்வாளரிடம் சொல்ல வேண்டியதில்லை என்பது. பெயர் தோட்டத்துக்குப் போய்விடுமோ என்ற பயம் இந்தப் பெண்களுக்கு எப்போதும் உண்டு. ஆனாலும் போடி ஜீப்பில் வருகிறவருக்குக் கம்பம் ஜீப்பில் யாரையும் தெரியாது. கூப்பன் தானாக அங்கே தாண்டாது. ஒவ்வொரு பாதையிலும் தனித்தனியே தொடங்க வேண்டும்.

எந்த முறையானாலும் ஆவணிக்குப் பிறகு, காய் எடுப்பு மும்முரமாக இருக்கும்போது வரட்டும். பங்குனி, சித்திரையில் வந்தால் பாதி ஜீப்புகள் ஓடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை,
வண்டன்மேடு, இடுக்கி மாவட்டம்